காலையில் கிளம்பாத வண்டி

அந்த வேனுக்கு இரண்டு மாப்பிள்ளைகள் சொந்தக்காரர்கள். இருவருக்கும் ஏழாம் பொருத்தம். அது எந்த அளவுக்கு என்று தெரிய வேண்டுமானால் காலை ஐந்து மணிக்குப் பெரிய மாப்பிள்ளையின் வீட்டுச் சந்தில் போய் நின்றால் போதும். சாவி திரும்பும். செல்ஃப் கரகரவென்று அடிக்கும். இஞ்சின் இரண்டு இருமல் இருமிவிட்டு அடங்கிப்போகும். மறுபடி சாவி, மறுபடி இருமல். எட்டாவது தடவையோ பத்தாவது தடவையோ, பேட்டரி மூச்சை விடப்போகிற நேரத்தில், போனால் போகிறது என்று ஒருவழியாகப் பிடித்துக்கொள்ளும். அதற்குள் பெரிய மாப்பிள்ளை தன் சகலையைப் பிறந்த நாளிலிருந்து இன்றைய தேதி வரைக்கும் திட்டி முடித்திருப்பார்.

எதிர் வீட்டுக்காரர் எழுந்து ஜன்னலைச் சாத்துவார். இஞ்சின் சத்தத்தை அவர் பொறுத்துக்கொண்டார். திட்டுதான் அவர் தூக்கத்தைக் கெடுத்தது.

வேன் முதலில் மாமனாருடையது. இரும்புக் கடை வைத்திருந்தவர். ஆணியும் குழாயும் ஏற்றி இருபத்திரண்டு வருடம் அதை ஓட்டினார். முழங்கால் இரண்டும் இனி முடியாது என்று சொன்ன பிறகு கடையை மூடினார், வண்டியை இரண்டு மாப்பிள்ளைகளுக்கும் பொதுவாகக் கொடுத்தார். ஒருவருக்கு மட்டும் கொடுத்தால் இன்னொரு மகள் மூக்கைச் சிந்துவாள் என்ற பயம். ஆளுக்குப் பாதி நாள் என்று ஏற்பாடு. விடிந்ததிலிருந்து மதியம்வரை பெரிய மாப்பிள்ளை பேக்கரியிலிருந்து பதினான்கு கடைகளுக்கு ரொட்டி போடுவார். மதியத்திலிருந்து பொழுது சாயும்வரை சின்ன மாப்பிள்ளை விடுதிகளிலும் ஆஸ்பத்திரிகளிலும் அழுக்கு விரிப்புகளை அள்ளித் தன் சலவைக் கடைக்குக் கொண்டுபோவார், வெளுத்ததைத் திருப்பிக் கொடுப்பார்.

கேட்பதற்கு நல்ல ஏற்பாடுதான். ஆனால் ரொட்டியும் அழுக்குத் துணியும் ஒரே கூரைக்குக் கீழே குடித்தனம் நடத்தினால் என்ன ஆகும்? ரொட்டி சோப்பு வாடை அடிக்கிறது என்று ஒரு கடைக்காரர் மூட்டையைத் திருப்பி அனுப்பினார். ஆஸ்பத்திரி விரிப்பில் எறும்பு ஊர்கிறது என்று ஒரு நர்ஸம்மா சின்ன மாப்பிள்ளையை வாசலில் நிற்கவைத்து வாங்கு வாங்கென்று வாங்கினார். வார்த்தை தடித்தது. எட்டு மாதமாக நேருக்கு நேர் பேச்சு இல்லை. பேச வேண்டியதை மனைவிமார் மூலம் சொல்லி அனுப்பினார்கள். அக்காவும் தங்கையும் அதை மெழுகிப் பூசி, பூ வைத்து அனுப்பினார்கள். "அந்த ஆளை டேங்க்க நிரப்பிட்டு வண்டிய விடச் சொல்லு, இல்லாட்டி சாவியப் பிடுங்கிருவேன்" என்று இவர் கத்தினால், அந்த வீட்டில் அது "அத்தான் கொஞ்சம் பெட்ரோல் போட முடியுமான்னு கேட்டாரு" என்று போய்ச் சேரும். இரண்டு பெண்களும் இப்படிப் பாடுபடாமல் இருந்திருந்தால் அடிதடி எப்போதோ நடந்திருக்கும்.

வண்டி மக்கர் செய்ய ஆரம்பித்ததும் அதே எட்டு மாதமாகத்தான். அதனால் காரணம் யார் என்பதில் பெரிய மாப்பிள்ளைக்குச் சந்தேகமே இல்லை. அவரிடம் சாட்சியும் இருந்தது. முன் சீட்டைத் தூக்கினால் இஞ்சின். அதன் பக்கவாட்டில் கார்புரேட்டர். பெட்ரோலோடு காற்று எவ்வளவு கலக்க வேண்டும் என்று தீர்மானிக்கிற ஒரு சின்ன ஸ்க்ரூ அதில் இருக்கிறது. தினமும் காலையில் பார்த்தால் அது உள்பக்கமாகத் திருகப்பட்டிருக்கும். உள்ளே திருகினால் பெட்ரோல் குறையும். பெட்ரோல் குறைந்தால் ஆறிப்போன இஞ்சின் எப்படிப் பிடிக்கும்? இவர் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து அரைச் சுற்று வெளியே திருப்புவார். நாலு தடவை செல்ஃப் அடித்து, திட்டி, கிளம்புவார். மறுநாள் காலை அது மறுபடி உள்ளே போயிருக்கும். இது வேண்டுமென்றே செய்கிற வேலை இல்லாமல் வேறென்ன? தன்னுடைய அரைச் சுற்று அவர் கணக்கில் கைவைத்ததாகாது. அது சரிசெய்வது.

போன வாரம் மாமனார் வீட்டில் எல்லோரும் கூடியிருந்தபோது அவர் வெடித்துவிட்டார். சகலை அதே கூடத்தில் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். இவர் மாமனாரைப் பார்த்துப் பேசினார்.

"அவர் வேணும்னே வண்டியக் கெடுக்குறாரு மாமா. நான் நிரூபிக்கிறேன். நிரூபிச்சா வண்டி எனக்கு மட்டும். தப்பு என் மேலன்னா வண்டிய அவர்கிட்டயே குடுத்துருங்க. நான் ஏன்னு ஒரு வார்த்தை கேக்க மாட்டேன்."

அவர் மனைவி பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்தாள். வாயிலிருந்து வந்ததை யாரால் இழுக்க முடியும்? மாமனார் ஒரு நிமிடம் இருவரையும் பார்த்தார். அவருக்கும் இந்தக் கச்சேரி அலுத்துப்போயிருந்தது. வழக்கமாக வண்டியைப் பார்க்கிற மெக்கானிக் அம்மா என்ன சொல்கிறாரோ அதுதான் தீர்ப்பு, இரண்டு பேரும் போங்கள் என்று சொல்லிவிட்டார்.

அன்று படுத்தபோதுதான் பெரிய மாப்பிள்ளைக்குத் தான் எதை வைத்துப் பந்தயம் கட்டியிருக்கிறோம் என்பது உறைத்தது. வண்டி இல்லையென்றால் ரொட்டி இல்லை. பேக்கரி முதலாளி ஒரு நாள்கூடப் பொறுக்க மாட்டார். இவருடைய தடத்தைப் பிடிக்க சொந்த வண்டியோடு ஒருவன் ஒரு வருடமாக முதலாளியின் பின்னால் அலைந்துகொண்டிருக்கிறான். ஆனாலும் தோற்றுவிடுவோம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. தப்பு செய்தவன் அல்லவா பயப்பட வேண்டும்.

மெக்கானிக் அம்மாவின் பட்டறை ஒரு டயர்க் கடைக்குப் பின்னால் இருந்தது. மேலே தகரம், கீழே எண்ணெய் குடித்துக் கறுத்த மண். அவருக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. கண்ணாடியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டியிருப்பார். மாமனாரின் வண்டிக்கு இருபது வருடமாக வைத்தியம் பார்க்கிறவர். மாமனாரையே உட்காரவைத்துத் திட்டுகிற ஒரே ஆள் இந்த உலகத்தில் அவர்தான். வண்டியை முந்தின நாள் மாலையே விட்டுவிட்டுப் போகச் சொல்லியிருந்தார். ராத்திரி முழுக்க ஆறிய இஞ்சினைத்தான் அவர் பார்ப்பார். சூட்டோடு கொண்டுவந்து நோய் சொல்கிறவர்களை வாசலோடு அனுப்பிவிடுவார்.

விடுமுறை நாள். காலை ஏழு மணிக்கு இருவரும் வேறு வேறு பக்கத்திலிருந்து வந்து, வேனுக்கு ஆளுக்கொரு பக்கமாக நின்றார்கள். மெக்கானிக் அம்மா சீட்டைத் தூக்குவதற்கு முன்னால், எந்த வண்டிக்கும் கேட்கிற முதல் கேள்வியைக் கேட்டார்.

"கடைசியா யார் கை வச்சது?"

நானில்லை என்று இரண்டு பேரும் ஒரே மூச்சில் சொன்னார்கள். எட்டு மாதத்தில் அவர்கள் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான். இந்தக் கேள்விக்கு யாருமே உண்மையைச் சொன்னதில்லை என்பது மெக்கானிக் அம்மாவுக்குத் தெரியும். அவர் தலையை ஆட்டிக்கொண்டு பெரிய மாப்பிள்ளையை ஏறி உட்காரச் சொன்னார். வீட்டில் எப்படிச் செய்வாரோ அப்படியே செய்ய வேண்டும், திட்டுவதைத் தவிர என்றார். அந்தச் செய்தி பட்டறைவரைக்கும் வந்திருக்கிறது.

செல்ஃப் அடித்தது. இருமியது. அடங்கியது. ஆறு தடவை ஆனதும் மெக்கானிக் அம்மா கையைக் காட்டி நிறுத்தினார். ஒரு பிளக்கைக் கழற்றி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அதை இஞ்சின் இரும்பில் தொட்டுக்கொண்டு மறுபடி சாவியைத் திருப்பச் சொன்னார். நீலமாகப் பளிச்சென்று பொறி பறந்தது. அதில் குறையில்லை. பெட்ரோல் குழாயைக் கழற்றிப் பார்த்தார். பெட்ரோல் தாராளமாக வந்தது. அதிலும் குறையில்லை. பேட்டரி புதுசு. ஆனால் பிளக்கின் முனை எலும்பு மாதிரி காய்ந்திருந்தது.

இவ்வளவு நேரம் அடித்தும் பிளக் நனையவில்லை என்றால், உள்ளே போகிற கலவையில் பெட்ரோல் போதவில்லை, காற்றுதான் அதிகம் என்று அவர் சொன்னார். பெரிய மாப்பிள்ளைக்கு உள்ளம் குளிர்ந்தது. இதைத்தானே அவர் எட்டு மாதமாகத் தொண்டை கிழியக் கத்துகிறார். அந்த ஸ்க்ரூவைப் பாருங்கள் அக்கா, யாரோ தினமும் உள்ளே திருகுகிறார்கள் என்று எடுத்துக்கொடுத்தார். யாரோ என்பதைச் சொல்லும்போது வேனுக்கு அந்தப் பக்கம் நின்ற ஆளைப் பார்த்தார்.

மெக்கானிக் அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். நிமிராமலே, யாரையும் பார்க்காமல், கையை மட்டும் பின்னால் நீட்டினார்.

"அந்தச் சின்ன ஸ்க்ரூ டிரைவரக் குடுங்க."

இரண்டு மாப்பிள்ளைகளின் கைகளும் தத்தம் சட்டைப் பைக்குப் போயின. பெரியவர் ஒன்றை எடுத்தார். சின்னவர் ஒன்றை எடுத்தார். எடுத்த பிறகுதான் இருவரும் ஒருவர் கையை ஒருவர் பார்த்தார்கள். பெரிய மாப்பிள்ளையின் முகத்தில் ஈயாடவில்லை.

மெக்கானிக் அம்மா சிரிக்கவில்லை. இந்த ஸ்க்ரூவின் தலையில் பள்ளமே மிச்சமில்லை, நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து அதை மொட்டையடித்து வைத்திருக்கிறீர்கள் என்று காய்ச்சி எடுத்தார். பிறகு சின்னவரிடம் விசாரித்தார். அவர் சொன்னது வேறு கதை. மதியம் வண்டி கைக்கு வரும்போது இஞ்சின் சூடாக இருக்கும். ஆஸ்பத்திரி வாசலில் அரை மணி நிறுத்திவிட்டுத் திரும்பக் கிளப்பினால் பெட்ரோல் நாற்றம் குப்பென்று அடிக்கும். கறுப்புப் புகை விட்டுக்கொண்டு நின்றுபோகும். நோயாளிகள் மூக்கைப் பொத்துவார்கள், காவலாளி துரத்துவார். சீட்டைத் தூக்கிப் பார்த்தால் ஸ்க்ரூ வெளியே வந்திருக்கும். அவர் உள்ளே திருகிவிடுவார். மறுநாள் அது மறுபடி வெளியே வந்திருக்கும்.

"என் பொழப்பக் கெடுக்கத்தான் அவர் இப்படிப் பண்றாருன்னு நெனச்சேன்" என்றார் சின்னவர், மெக்கானிக் அம்மாவைப் பார்த்து.

இதைக் கேட்டதும் பெரிய மாப்பிள்ளைக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. தான் சுமத்திய குற்றத்தையே தன் மேல் திருப்பிச் சுமத்தியிருக்கிறானே என்று ஆத்திரம்தான் வந்தது. பதில் சொல்ல வாயைத் திறந்தார். மெக்கானிக் அம்மா ஸ்பானரை எடுத்துத் தகரத்தில் ஒரு தட்டுத் தட்டினார். வாய் மூடிக்கொண்டது.

ஸ்க்ரூ நோய் இல்லை என்றார் அவர். காய்ச்சல்காரனுக்கு ஒருவர் போர்வையைப் போர்த்த, இன்னொருவர் உருவ, காய்ச்சல் எங்கிருந்து வந்தது என்று யாருமே பார்க்கவில்லை. ஸ்க்ரூவை அவரே நடுவில் நிறுத்தினார். கார்புரேட்டரின் வாயைக் கையால் பாதி மூடிக்கொண்டு, சாவியைத் திருப்பச் சொல்லி, கெஞ்சிக் கூத்தாடி இஞ்சினைக் கிளப்பினார். அது நொண்டிக்கொண்டே ஓடியது. எண்ணெய்க் கேனை எடுத்து, கார்புரேட்டர் இஞ்சினோடு சேருகிற அடிப்பாகத்தைச் சுற்றித் துளித் துளியாக விட்டார். மூன்று பக்கம் ஒன்றும் ஆகவில்லை. நாலாவது பக்கம் எண்ணெய் பட்டதும் நொண்டல் நின்றது. இஞ்சின் ஒரு மூச்சு நேரத்துக்கு அழகாக ஓடியது. எண்ணெய் உள்ளே உறிஞ்சப்பட்டதும் மறுபடி நொண்டியது.

இங்கேதான் காற்றுக் குடிக்கிறது என்றார் மெக்கானிக் அம்மா. இரும்பு ஆறியிருக்கும்போது சந்து விழுகிறது, அதனால் காலையில் பெட்ரோல் போதவில்லை. சூடானதும் இரும்பு உப்பி சந்தை மூடிவிடுகிறது, அதனால் மதியம் பெட்ரோல் கூடிப்போகிறது. நீங்கள் இரண்டு பேரும் சொன்னது நிஜம்தான். இந்தக் கார்புரேட்டரை யாரோ கழற்றி மாட்டியிருக்கிறார்கள். அடியில் சந்து விழாமல் அடைக்கிற கேஸ்கட் சரியில்லை.

கழற்றி மாட்டியிருக்கிறார்கள் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் பெரிய மாப்பிள்ளைக்கு அந்த நாள் ஞாபகம் வந்தது.

ஒன்பது மாதத்துக்கு முன்னால், இதே போல ஒரு விடுமுறை நாளில், வண்டி ஓட்டம் கொஞ்சம் கரடுமுரடாக இருக்கிறதே என்று கார்புரேட்டரைக் கழற்றிப் பெட்ரோலில் கழுவினார். கழற்றும்போது பழைய கேஸ்கட் கிழிந்துவிட்டது. கடைகள் மூடியிருந்தன. வண்டிக்குள்ளே பின்பக்கம் ஒரு காலி அட்டைப் பெட்டி கிடந்தது. ஒரு கத்தியை எடுத்து, கிழிந்ததை மேலே வைத்து அளவு பார்த்து, அட்டையில் அதே மாதிரி ஒன்று வெட்டி வைத்து மாட்டிவிட்டார். வண்டி கிளம்பியது. அவர் அதைத் தப்பாக நினைக்கவே இல்லை. சாமர்த்தியம் என்று நினைத்தார். அப்புறம் மறந்தும்போனார். அழுக்கை எடுத்தோம் என்பது மட்டும்தான் ஞாபகத்தில் நின்றது. பொதுவண்டிக்கு யார் இவ்வளவு பாடுபடுகிறார்கள் என்று அந்த ஆள் ஒரு தடவையாவது யோசித்தானா என்ற வயிற்றெரிச்சலும் கூடவே நின்றது.

மெக்கானிக் அம்மா நாலு நட்டையும் கழற்றி, கார்புரேட்டரைத் தூக்கி, அடியில் ஒட்டியிருந்ததைக் கத்தி முனையால் உரித்து எடுத்தார். பெட்ரோலில் ஊறி, ஒரு ஓரம் சுருங்கி, மடங்கிப்போன அட்டை. துணியால் துடைத்ததும் நீல எழுத்துத் தெரிந்தது. பாதி எழுத்துதான். ஆனால் எந்தச் சோப்புத் தூள் கம்பெனியின் பெட்டி என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. சலவைக் கடை வாசலில் அந்தப் பெட்டி ஆள் உயரத்துக்கு அடுக்கியிருக்கும்.

மெக்கானிக் அம்மா அட்டையைச் சின்ன மாப்பிள்ளையின் முன்னால் நீட்டினார். முதலில் கேட்டதையே மறுபடி கேட்டார்.

சின்னவர் அட்டையைப் பார்த்தார். சத்தியமாக நான் வைக்கவில்லை, கார்புரேட்டரைக் கழற்றவே எனக்குத் தெரியாது என்றார். சொல்லிக்கொண்டே நிமிர்ந்தவர் சகலையின் முகத்தைப் பார்த்துவிட்டார். பெரிய மாப்பிள்ளை பார்வையை எடுத்து டயர்க் குவியலின் மேல் வைத்தார். காது இரண்டும் பற்றி எரிந்தன. இப்போது ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால் வண்டி போய்விடும். பதினான்கு கடையும் போய்விடும். சொல்லாவிட்டால், ஒன்றுமே செய்ய வேண்டாம், அட்டையில் எழுதியிருப்பதே எல்லாவற்றையும் சொல்லிவிடும். அவர் பேசாமல் இருந்தார். பத்து எண்ணுகிற நேரம் இருக்கும். அதற்குள் விஷயம் முடிந்துபோனது.

சின்னவர் தன் சாவியை வளையத்திலிருந்து கழற்றி, எண்ணெய்ப் பலகையின் மேல் வைத்தார். எட்டு மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாகச் சகலையைப் பார்த்துப் பேசினார். குரலை உயர்த்தவே இல்லை.

"நான்தான்னே இருக்கட்டும். மாமாகிட்டயும் நானே சொல்லிடுறேன். உங்ககூட ஒரு வண்டியப் பங்கு போடுறதவிட, துணிய நான் தலையில தூக்கிட்டே போயிடுவேன்."

அவர் போய்விட்டார். டயர்க் கடையைத் தாண்டித் திரும்புகிறவரை ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அவன் திட்டியிருக்கலாம் என்று பெரிய மாப்பிள்ளைக்குத் தோன்றியது. சட்டையைப் பிடித்திருக்கலாம். அதற்கெல்லாம் அவரிடம் பதில் தயாராக இருந்தது. இப்படி அசிங்கத்தை மிதித்தவன் ஒதுங்கிப் போகிற மாதிரி போவான் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

மெக்கானிக் அம்மா முறையான கேஸ்கட் தாளை எடுத்து, கார்புரேட்டரின் அடிப்பாகத்தை அதன் மேல் வைத்து அச்சுப் பிடித்து, வெட்டி, துளை போட்டு, வைத்து மாட்டினார். முக்கால் மணி நேரம் ஆயிற்று. மாட்டி முடித்துச் சாவியைத் திருப்பச் சொன்னார். இஞ்சின் ஒரே திருப்பில் பிடித்துக்கொண்டது. புதுப்பெண் மாதிரி அடக்கமான சத்தத்தில் ஓடியது. எட்டு மாதமாக இந்தச் சத்தத்துக்காகத்தான் பெரிய மாப்பிள்ளை தவம் கிடந்தார். இப்போது அது காதில் ஏறவில்லை.

அவர் இறங்கி வந்தபோது மெக்கானிக் அம்மா அந்தப் பழைய அட்டையை விரலில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். நன்றாக வெட்டியிருக்கிறது, நாலு துளையும் அளவு பிசகாமல் இருக்கிறது என்றார். பாராட்டு மாதிரி இருந்தது.

"ஓரம் பூரா பல்லு பல்லா இருக்கு பாருங்க. ரம்பம் மாதிரி கத்தி. ரொட்டி வெட்டுற கத்தி. துணி வெளுக்குற ஆளுக்கு அது எதுக்கு?"

அவன் நிற்கும்போது இதை ஏன் சொல்லவில்லை என்று பெரிய மாப்பிள்ளை தட்டுத் தடுமாறிக் கேட்டார்.

"நான் வண்டிக்குத்தான் பாக்குறேன். நீங்க வாயத் தொறப்பீங்களான்னு பாத்தேன், தொறக்கல. கெளம்புங்க, அடுத்த வண்டி நிக்குது."

பலகையின் மேல் கிடந்த சகலையின் சாவியையும் எடுத்துக்கொண்டு கிளம்பினார். மாமனார் வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அவர் தனக்குத் தானே வக்கீல் வைத்துப் பார்த்தார். நான் பொய் சொல்லவில்லை, பேசாமல்தான் இருந்தேன். நான்தான் என்று அவனே ஒத்துக்கொண்டான். வண்டியை நன்றாக வைத்துக்கொள்ளத்தானே அதைச் செய்தேன். எல்லாமே சப்பைக்கட்டு என்று அவருக்கே தெரிந்தது. உண்மையைச் சொல்லிவிடுவது என்று ஒரு திருப்பத்தில் முடிவு செய்தார். அடுத்த திருப்பத்தில் பேக்கரி முதலாளியின் முகம் ஞாபகம் வந்தது. முடிவு மாறியது. வாசலில் வண்டியை நிறுத்தியபோது எந்த முடிவில் இருந்தார் என்று அவருக்கே தெரியாது.

மாமனார் கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சின்னவர் போனில் சொல்லிவிட்டிருந்தார் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. கல்யாணமாகிப் பதினோரு வருடத்தில் அவர் இந்த மாப்பிள்ளையை எழுந்து வரவேற்றதில்லை. இன்று முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"நீங்க சொன்னதுதான் சரி மாப்பிள்ளை. நான்தான் உங்களத் தப்பா நெனச்சுட்டேன்."

இந்த வாயிலிருந்து இந்த வார்த்தையைக் கேட்க வேண்டும் என்பதற்காகப் பதினோரு வருடம் எத்தனை மூட்டை சுமந்திருப்பார், எத்தனை சண்டை போட்டிருப்பார். வந்துவிட்டது. பெரிய மாப்பிள்ளை உட்கார்ந்தார். மாமியார் டீ கொண்டுவந்து வைத்தார். இனி வண்டி முழுக்க உங்களுக்குத்தான், அவன் நிழல்கூட அதன் மேல் படக் கூடாது என்று மாமனார் சொல்லிக்கொண்டே போனார். பெரிய மாப்பிள்ளை டீயை எடுத்து ஒரு வாய் குடித்தார். வெறும் வெந்நீர் மாதிரி இறங்கியது.

மாமனாருக்கு ஆத்திரம் ஏற ஏற வார்த்தை இறங்கியது. இருபத்திரண்டு வருடம் பெற்ற பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்ட இஞ்சின் என்றார். அதற்குள் அட்டையை வெட்டி வைக்க எவனுக்கு மனசு வரும் என்றார். வைத்ததுகூடப் பரவாயில்லை, வீட்டில் இவ்வளவு ரகளை நடக்கும்போது, கூடத்தில் உட்கார்ந்துகொண்டு, வாயைத் திறக்காமல், அடுத்தவன் மேல் பழி விழட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தானே, அவனெல்லாம் ஒரு ஆளா என்றார். கோழை என்றார். களவாணி என்றார். ஒவ்வொரு வார்த்தையும் சின்னவரைத் தேடிப் போகாமல் நேராக வந்து இவர் நெஞ்சில் உட்கார்ந்தது. சகலையை யாராவது இப்படித் திட்டிக் கேட்க மாட்டோமா என்று ஏங்கியவர், தலையைக் குனிந்து ஒவ்வொன்றையும் வாங்கிக்கொண்டிருந்தார்.

"சோறு போட்ட வண்டிக்கே துரோகம் பண்ற நாயி" என்று மாமனார் மூச்சு வாங்க நிறுத்தினார். போனை எடுத்தார். அவனைக் கூப்பிட்டு இதை அவன் காதிலேயே சொல்ல வேண்டும் என்றார்.

"போன வையுங்க மாமா" என்றார் பெரிய மாப்பிள்ளை. "அந்த நாயி நான்தான்."

மாமனாருக்கு விளங்கவில்லை. மாமியாருக்கு விளங்கிவிட்டது. அவர் அடுப்படி வாசலிலேயே நின்றுவிட்டார். பெரிய மாப்பிள்ளை ஒவ்வொன்றாகச் சொன்னார். விடுமுறை நாள், கிழிந்த கேஸ்கட், சோப்புத் தூள் பெட்டி, ரொட்டிக் கத்தி. பட்டறையில் பேசாமல் நின்றதையும் சொன்னார். அதைச் சொல்வதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது, அதனால் இரண்டு தடவை ஆரம்பிக்க வேண்டியிருந்தது. சொல்லி முடித்தால் பாரம் இறங்கும் என்று நினைத்திருந்தார். அப்படி ஒன்றும் இறங்கவில்லை. நாளைக் காலை ஐந்து மணிக்கு என்ன செய்வது என்ற பயம்தான் வந்து உட்கார்ந்தது.

மாமனார் திட்டவில்லை. திட்டுவதற்கு மிச்சம் எதுவும் இல்லை, எல்லாம் ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது. நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்து, கையை நீட்டினார். பந்தயம் கட்டியது யார் என்று அவர் ஞாபகப்படுத்தவில்லை. ஒரு வார்த்தை கேட்க மாட்டேன் என்று சொன்னவர் ஒரு வார்த்தையும் கேட்காமல், இரண்டு சாவியையும் எடுத்து அந்தக் கையில் வைத்தார். எழுந்து வாசல்வரை வந்து செருப்பை மாட்டிக்கொண்டார்.

பின்னாலிருந்து மாமனாரின் குரல் வந்தது. அதில் கோபம் இருந்தது. ஆனால் இருபத்திரண்டு வருடம் ஓட்டியவர் கேட்காமல் இருக்க முடியாத கேள்வி அது.

"வண்டி இப்ப எப்படி ஸ்டார்ட் ஆகுது?"

"ஒரே திருப்புல மாமா" என்றார் பெரிய மாப்பிள்ளை.